திவால் வழக்கறிஞர் விட்டுச்செல்லும் கட்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் திவால் வழக்கறிஞர் ஹார்வி மில்லரைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் முதலீட்டு வங்கி 63,900 கோடி டாலர் சொத்துக் கணக்குடன் நீதிமன்றப் படியேறிய கதையை விறுவிறுப்பாகச் சொன்னது. ஆனால் இத்தகைய வழக்கறிஞர்களின் அலுவலக அறைகளில் தேங்கும் ஆவணக் கட்டுகள் பின்னர் என்ன ஆகின்றன என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. சட்ட நூலகம் ஒன்றில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

1933இல் பிறந்த மில்லர் இத்தொழிலுக்கு வந்த காலத்தில் நடைமுறையில் இருந்தது 1898ஆம் ஆண்டுத் திவால் சட்டம். கடன் கொடுத்தவர்களுக்குச் சேரவேண்டிய பணம் வழக்குச் செலவில் கரைந்துவிடக் கூடாது என்ற நோக்கில், அதன் கீழ் வழக்கறிஞர் கட்டணத்தை நீதிபதிகள் இறுக்கிப் பிடித்தனர். ஆகவே பெரிய சட்ட நிறுவனங்கள் மஞ்சள் கடுதாசி வழக்குகளைத் தொடக் கூசின. யூதர்கள் என்பதாலேயே அந்நிறுவனங்களில் இடம் கிடைக்காத பலர் இத்துறையில் காலூன்றினர். 1969இல் வைல் காட்ஷல் என்ற சட்ட நிறுவனத்தில் சேர்ந்து மில்லர் இதற்கெனத் தனிப்பிரிவு தொடங்கியது அந்த நாளில் துணிச்சலான காரியம்தான். 1979 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், பிற துறை வழக்கறிஞர்களுக்கு இணையான கட்டணத்தை அனுமதித்ததோடு, நொடித்த நிறுவனத்தைப் பழைய நிர்வாகமே நடத்திக்கொண்டு சீரமைப்புத் திட்டம் வகுக்கவும் வழியைத் தெளிவாக்கியது. அதன் பிறகு, கூசியவர்களும் வரிசையில் வந்து நின்றார்கள்.

நீதிமன்றப் பதிவுகள் பொதுவில் இருக்கும்போது வழக்கறிஞரின் கட்டு எதற்கு என்று கேட்கலாம். திவால் வழக்கறிஞர் தம் கட்டணத்தைக் கோரும்போது, ஒரு மணி நேரத்தைப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு ஆறு நிமிடத்துக்கும் கணக்கு எழுதி நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டியிருக்கிறது. அந்தப் பட்டியலைப் பார்த்தால், கடன் கொடுத்தோர் குழுவுடன் இன்ன நாளில் இவ்வளவு நேரம் பேச்சு நடந்தது என்பது தெரியும். அங்கே யார் எதை விட்டுக்கொடுத்தார்கள், எந்த நிபந்தனை எந்த வரைவில் அடிபட்டது என்பது தெரியாது. அதைக் கைக்குறிப்பிலும் ஓரத்தில் கிறுக்கிய வரைவிலும்தான் தேட வேண்டும். லேமனின் வட அமெரிக்க வணிகத்தை பார்க்லேஸ் வங்கிக்கு விற்க நீதிமன்றம் ஒரே வாரத்துக்குள் அனுமதி அளித்தது. அந்த வாரத்தின் பேரங்களைப் பிற்கால ஆய்வாளர் உத்தரவை மட்டும் படித்து விளங்கிக்கொள்ள முடியாது. மேலும், முடிந்துபோன திவால் வழக்குகளின் நீதிமன்றக் கட்டுகள் எல்லாமே நிரந்தரமாகப் பாதுகாக்கப்படுவதும் இல்லை.

இதை உணர்ந்தே பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் பிடில் நூலகத்தில் தேசியத் திவால் ஆவணக் காப்பகம் அமைக்கப்பட்டது. இத்துறையினரின் காகிதங்களோடு, அவர்கள் வாய்மொழியாகச் சொன்ன தொழில் நினைவுகளும் அங்கே சேர்க்கப்படுகின்றன. வாய்மொழி நினைவை நான் சற்றுக் குறைவாகவே நம்புவேன். வென்ற வழக்குகளே அதில் அதிகம் இடம்பெறும்.

சிக்கல் கட்சிக்காரரின் ரகசியத்தில் இருக்கிறது. கட்சிக்காரர் இறந்த பின்னும் அந்த ரகசியக் காப்பு நீடிக்கும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது. திவாலான நிறுவனம் இறந்த மனிதரைப் போன்றதன்று. அதற்கென நியமிக்கப்படும் பொறுப்பாளரே, பழைய நிர்வாகிகளின் காலத்துப் பேச்சுகள் மீதான காப்பையும் விட்டுக்கொடுக்கலாம் என்று அதே நீதிமன்றம் 1985இல் கூறியது. சரி, வழக்கு முடிந்து, சொத்து பங்கிடப்பட்டு, பொறுப்பாளரும் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்ட பிறகு யாரிடம் போய் ஒப்புதல் கேட்பது? நூலகர் பெட்டியைத் திறக்கத் தயங்குவார். வழக்கறிஞரின் குடும்பத்தார், வம்பு எதற்கென்று எல்லாவற்றையும் துண்டுதுண்டாக்கும் இயந்திரத்தில் போட்டுவிடுவார்கள்.

வழக்கறிஞர் உயிருடன் இருக்கும்போதே, பொதுவில் தாக்கலானவை, சட்டத் திருத்தங்களுக்காக எழுதியவை, கட்சிக்காரரோடு பேசியவை என்று கட்டுகளைப் பிரித்து வைத்தால் பாதிக் குழப்பம் தீரும். முதல் இரண்டையும் உடனே வாசகருக்குத் திறந்துவிடலாம். மூன்றாவதை எத்தனை ஆண்டுகள் பூட்டி வைப்பது, அதன் பிறகு யாருடைய அனுமதியுடன் திறப்பது என்பதை ஒப்படைப்புப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். அனுமதி தர எவரும் மிஞ்சாத நிலையில் நீதிமன்றமே அதைத் தீர்மானிக்கச் சட்டத்தில் வழி செய்வது நல்லது. இந்தக் கோணத்திலும் ஒரு கட்டுரை வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சட்ட நூலகர் ஒருவர்