குமாருக்கு அம்மா எழுதுவது

குமார்,

இங்கே நலம். கிணற்று மோட்டார் மாற்றியாச்சு. மாமா வீட்டு விஷயம் அப்படியேதான் கிடக்கிறது.

நேற்று வீடியோவில் சித்ரா கையில் வளையல் இல்லை. டிசைன் மாற்றக் கொடுத்திருக்கிறாளாம். சரி. நீ பின்னால் நடந்து போனாய், முகம் காட்டவில்லை.

பங்கு வாங்குவதை நான் ஒருநாளும் தப்புச் சொன்னதில்லை. போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் சேமிப்புப் பத்திரம் விற்றவளுக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே, பேப்பர் படிக்கிறேன். 2020 மார்ச் 23-ல் மும்பைச் சந்தைக் குறியீடு சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 25,981-ல் நின்றது. எல்லோரும் விற்றபோது நீ விற்கவில்லை. தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். ஏப்ரல்-ஜூனில் பொருளாதாரம் 23.9 சதவீதம் சுருங்கியதாக ஆகஸ்ட் கடைசியில் அரசாங்கமே சொன்னது. சென்செக்ஸோ அதற்குள் 38,000-ஐத் தாண்டியிருந்தது. ரிசர்வ் வங்கி பேங்குகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டி 4 சதவீதத்துக்கு இறங்கி டெபாசிட் வட்டி கரைந்ததும் பணம் சந்தைக்கு ஓடியது. கம்பெனிகள் பிறகு மீளும் என்று அன்றே விலை வைத்துவிட்டார்கள். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவன்று 4,389 புள்ளி போனது. ராஜபாளையத்தில் மில்கள் அன்றும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. மூன்றே நாளில் சென்செக்ஸ் புது உச்சம்!

பங்கு விலையும் கம்பெனி லாபமும் ஒன்றையொன்று பிடிக்க வருஷக்கணக்கில் ஆகலாம். பங்கை வைத்திருப்பவன் காத்திருப்பான். விலை ஏறும், இறங்கும் என்று கணித்துப் பணம் போடுகிற ஆப்ஷனுக்கு எக்ஸ்பைரி, அதாவது முடிவுத் தேதி இருக்கிறதே. கணிப்பு சரியாக இருந்தும் தேதி முந்திக்கொண்டால் போட்ட பணம் போச்சு. மார்ச் 2024 வரையிலான மூன்று நிதியாண்டில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் என்கிற எஃப் அண்டு ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேருக்கு நஷ்டம் என்று சந்தையைக் கண்காணிக்கிற செபியின் கணக்குச் சொல்கிறது. நீ கெட்டிக்காரன்தான். அந்த 93 பேரில் கெட்டிக்காரர்கள் இல்லையா?

நீ அதில் இருக்கிறாய் என்று சொல்லவில்லை, பொதுவாக எழுதுகிறேன். கடன் வாங்கிப் போடாதே. நகை வைத்துப் போடாதே. பங்கை வைத்துக்கொண்டு காத்திரு.

அப்பா ஆபரேஷன் கடனைத் தனியாளாக அடைத்தவனுக்கு இதெல்லாம் எழுதுகிறேனே என்று கோபப்படாதே. போனை எடுக்காதவனுக்கு வேறு எப்படித்தான் சொல்வது? நகை வைத்துப் போடாதே.

அப்புறம், என் ஆர்.டி. அடுத்த மாதம் முடிகிறது. எனக்கு இப்போது அந்தப் பணத்துக்கு அவசரமில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அன்றைக்குச் சந்தை லீவுதானே.

அம்மா