பனியுகத்துல மாட்டிக்கிட்ட மாடல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன வாரம் வாசகர் கடிதத்துல ஒருத்தர், நாளைக்கு மழை வருமான்னே சரியா சொல்லத் தெரியாத கம்ப்யூட்டர் இருபதாயிரம் வருஷத்துக்கு முந்தி எவ்ளோ குளிருச்சுன்னு சொல்லுதாம், யார் போய் பாத்தான்னு நக்கலா கேட்டிருந்தார். நல்ல கேள்விதான். ஆனா சாட்சி இருக்கே சார். அண்டார்டிகா பனிய ஆழமா தொளைச்சு எடுத்த தண்டுல 8 லட்சம் வருஷத்துக் காத்து குமிழி குமிழியா அடைபட்டுக் கிடக்கு, அதுல கார்பன் டை ஆக்சைடு எவ்ளோன்னு நேராவே அளந்துடறாங்க, அதுபோக கடலடி சேறு, பழைய மகரந்தம்னு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத சாட்சிங்க.

நாளைக்கு மழைங்கறது இன்னைக்கு காத்தும் மேகமும் எப்படி நிக்குதுங்கறத புடிச்சுப் போற கணக்கு. பனியுகம் அப்படியில்ல, எவ்ளோ வெயில் உள்ள வருது எவ்ளோ சூடு வெளிய போகுதுங்கற வரவு செலவு. 21,000 வருஷத்துக்கு முன்ன கார்பன் டை ஆக்சைடு சுமார் 190 பிபிஎம், அதாவது காத்துல பத்து லட்சத்துக்கு 190 பங்கு (தொழிற்புரட்சிக்கு முந்தி 280), வட அமெரிக்கா மேல கிலோமீட்டர் கனத்துக்குப் பனி, கடல் மட்டம் இப்பத்தவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழ, இதை காலநிலை மாடலுக்கு, அதாவது கம்ப்யூட்டர்ல ஓடற பூமிக் கணக்குக்குக் குடுத்துட்டு விட்ருவாங்க, வெப்பநிலைய மாடல்தான் கணக்குப் போட்டு எடுக்கணும், அப்புறம் சேத்தோட சாட்சியோட ஒத்துப் பாப்பாங்க.

எனக்குப் புடிச்சது மாடல் தப்புல மாட்டிக்கிற இடம்தான். அமெரிக்காவோட சிஇஎஸ்எம்2ங்கற மாடல் இப்ப இருக்கற காலநிலைய ரொம்ப நல்லாவே காட்டும், ஆனா கார்பன் டை ஆக்சைடு ரெண்டு மடங்கானா 5 டிகிரிக்கு மேல சூடேறும்னுச்சு, ஐ.நா.வோட காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2021ல சொன்னது 3 டிகிரி பக்கம். சரின்னு அதையே பனியுகத்துக்கு ஓட்டிப் பாத்தா சாட்சிங்க சொல்றதவிட படுபயங்கர குளிர், 5 கோடி வருஷத்துக்கு முந்துன இயோசீன்ங்கற வெப்பமான காலத்துக்கு ஓட்டுனா அளவுக்கு மீறுன சூடு. தேடிப் பாத்தா கோளாறு மேகத்தக் கணக்குப் போடற விதத்துல இருந்துச்சு. வெறும் இன்னைய வெயில மட்டும் வச்சுப் பாத்திருந்தா இது சிக்கியிருக்குமா?

சஹாரா கதையும் இப்படித்தான். 6,000 வருஷத்துக்கு முன்ன அங்க ஏரியும் புல்லும் இருந்துச்சு. கோடையில பூமிக்கு வெயில் கூட விழற மாதிரி சுற்றுப்பாதை இருந்தா பருவமழை பலக்கும்னு குட்ஸ்பாக்ங்கற அமெரிக்க காலநிலை விஞ்ஞானி 1981லயே மாடல் ஓட்டிக் காட்டிட்டார், ஆனாலும் நிறைய மாடல்ல மழை வடக்க போதுமான தூரம் ஏற மாட்டேங்குது, புல்லு தரைய கருப்பாக்கறது, தூசி குறையறது இதெல்லாம் சேத்தாத்தான் கொஞ்சம் கிட்ட வருது. அதனால கம்ப்யூட்டர் சொன்னா வேதவாக்குன்னு நான் சொல்ல வரல.

உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். 2100ல இத்தனை டிகிரின்னு பெரிய எழுத்துல தலைப்பு போடறப்ப, அந்த மாடல பழைய காலத்துக்கு ஓட்டிப் பாத்தாங்களா, என்ன வந்துச்சுன்னு ஒரு வரி சேத்துப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்