மணலுக்குள் புதைந்த புயல்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கடற்கரை மணல்மேடுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, மேட்டைச் சமன்படுத்திவிட்டு அதே அளவு மணலைப் பிறகு கொட்டிவிட்டால் போதும் என்கிறது. படித்ததும் மனம் பொறுக்கவில்லை. தரை ஊடுருவும் ரேடாரை மணல்மேடுகளின் மேல் இழுத்துக்கொண்டு நடந்தவன் நான். தரைக்குள் ரேடியோ அலையை அனுப்பி, உள்ளே உள்ள மணல் அடுக்குகளில் பட்டுத் திரும்புவதைக் கோடுகளாகத் திரையில் காட்டும் கருவி அது.

ஆன்டெனாவைச் சறுக்குப் பலகையில் கட்டி, கயிற்றைத் தோளில் மாட்டி, கணுக்கால் புதையும் சரிவில் ஏற வேண்டும். திரையில் முதலில் சாம்பல் நிறக் கோடுகள்தான் தெரியும். போகப்போக, அவை வரிசையாக ஒரே பக்கம் சாய்ந்திருப்பது புலப்படும். மேடு நகர்ந்த திசை அது. திடீரென்று அழுத்தமான ஒரு கோடு அத்தனையையும் வெட்டிக்கொண்டு கடல் பக்கம் இறங்கும். அங்கே துளையிட்டு எடுத்தால் பெரும்பாலும் கருமணல் கையில் வரும். புயல் அலை மேட்டை அரித்து, லேசான மணலை அள்ளிக்கொண்டு, கனமான தாதுக்களை மட்டும் விட்டுப்போன வடு.

அந்த மணல் கடைசியாக எப்போது வெயிலைக் கண்டது என்று ஒளிர்வு முறையில் கணக்கிடலாம்; மணல் துகளைத் தூண்டி, அது உமிழும் ஒளியை அளக்கும் முறை அது. ஆக, கடல் எதுவரை ஏறியது, எந்தக் காலத்தில் ஏறியது என்ற கணக்கு மேட்டுக்குள்ளேயே இருக்கிறது. எங்கே துளையிடுவது என்று ரேடார் காட்டிக்கொடுக்கிறது. காய்ந்த மணலில் அதன் அலை ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய பாதி வேகத்தில் செல்லும். 100 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவில் பத்து மீட்டருக்கும் கீழே எட்டும். உப்புநீரைத் தொட்டால் மட்டும் அலை அடங்கிப் படம் வெறுமையாகிவிடும். அதுவும் ஒரு தகவல்தான்: நன்னீர் எங்கே முடிகிறது என்று அதிலிருந்து ஊகிக்கலாம்.

2013 ஜூலையில் அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள மவுன்ட் பால்டி மணல்மேட்டில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் திடீர்க் குழிக்குள் விழுந்து மறைந்தான். மூன்று மணி நேரத்துக்கும் மேல் தோண்டி அவனை உயிரோடு மீட்டார்கள். பின்னர் ரேடார் உள்ளிட்ட கருவிகளோடு ஆராய்ந்தபோது காரணம் தெரிந்தது. நகர்ந்து வந்த மணல் மரங்களை மூடியிருக்கிறது. உள்ளே மரம் மக்கியதும், அது நின்ற இடத்தில் பொந்து மிஞ்சியிருக்கிறது. மேலிருந்து பார்த்தவர்களுக்கு அது வழவழப்பான மணல் சரிவு.

புல்டோசர் ஒருமுறை புரட்டிய மேட்டில் எத்தனை லாரி மணலைக் கொட்டினாலும் அந்த அடுக்குகள் திரும்ப வரா. சமன்படுத்த அனுமதி கேட்கும் திட்டம் எதுவானாலும், முதலில் ரேடார் ஆய்வை வைக்கச் சொல்ல வேண்டும். அடுத்த முறை மணல்மேடு பற்றி எழுதும்போது, மேட்டின் புகைப்படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ரேடார் படத்தையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நிலவியல் படித்த வாசகன்