பெயிண்டுக்குள் இருக்கும் உறை எதனால் ஆனது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர் முதுநகரில் விசைப்படகுகளுக்கும் இரும்புக் கட்டுமானங்களுக்கும் பெயிண்ட் அடிக்கும் வேலையை இருபது ஆண்டுகளாக எடுத்துச் செய்து வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இங்குள்ள உப்புக்காற்றில் இரும்புக் கதவின் கீல் ஓரத்தில் நகக்கண் அளவு பெயிண்ட் உரிந்தாலும் போதும். துரு அடியில் புகுந்து, ஒரே மழைக்காலத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். இதற்கு மருந்தாக, ஆளிவிதை எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்களில் அடைத்துப் பெயிண்டில் கலக்கும் முறை வந்திருக்கிறது. கீறல் விழுந்தால் குமிழ் உடைந்து எண்ணெய் கசியும், காற்றுப்பட்டு இறுகும், இரும்பை மூடிக்கொள்ளும். அருமையான முறைதான்.

என் கவலை அந்தக் குமிழின் உறையைப் பற்றியது. யூரியாவும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த பிசினே இதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. தயாரிப்பின்போது வினைபுரியாமல் மிஞ்சியது ஆவியாக வெளியேறுவது ஒருபுறமிருக்க, வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இறுகிய பிசினே சிதைந்து அதை மீண்டும் வெளிவிடக்கூடும் என்பதால், இரண்டுக்கும் குறைவில்லாத நம் கடற்கரையில் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். என்னிடம் வேலை செய்யும் தம்பிகள் படகின் எஞ்சின் அறைக்குள் குனிந்தபடி, முகத்தில் ஒரு துண்டை மட்டும் கட்டிக்கொண்டு பூசுகிறார்கள். இவ்வகைப் பெயிண்ட் ஒன்றைச் சென்ற கோடையில் விசாரித்தபோது, உள்ளே என்ன எண்ணெய் என்பது விவரத்தாளில் இருந்தது. உறை எதனால் ஆனது என்பது இல்லை, விற்றவருக்கும் தெரியவில்லை.

பாலியூரியா, அக்ரிலிக், சிலிக்கா ஆகியவற்றால் ஃபார்மால்டிஹைடு இல்லாமலே உறை செய்ய முடியும். இவற்றில் பாலியூரியாவுக்குத் தேவையான ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது. ஆகவே, பூசுபவரைக் காப்பதாகச் சொல்லிக் குமிழ் தயாரிக்கும் தொழிலாளியின் நுரையீரலைக் கெடுத்துவிடக் கூடாது. ரசாயன ஆலைகள் உள்ள சிப்காட் தொழிற்பேட்டை வளாகத்தின் அருகில் வாழும் எங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த விதி, மரச்சாமான்களிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடுக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 0.062 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. பெயிண்டிலும் அந்தக் கவனம் வேண்டும். எனவே துறைமுகம், பாலம், மின்கம்பம் ஆகியவற்றுக்குப் பெயிண்ட் வாங்கும் அரசுத் துறைகள், உறையின் பொருளையும் மிஞ்சிய ஃபார்மால்டிஹைடின் அளவையும் டப்பாவின் மேல் தமிழில் அச்சிட வேண்டும் என்பதை ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனையாக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெயிண்டிங் ஒப்பந்தக்காரர் ஒருவர்,
கடலூர் முதுநகர்.