யோக்யகர்த்தாவில் உதவிய அக்காவுக்கு

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், யோக்யகர்த்தா நகரின் மாலியோபோரோ தெருப் பக்கம் ஒரு சின்ன வாருங், அதாவது சாப்பாட்டுக் கடை. அப்பாவுக்குச் சர்க்கரை நோய். ஜாவாவில் சும்மா 'தே' (தேநீர்) என்று கேட்டால் பெரும்பாலும் இனிப்போடுதான் வரும் என்பது எங்களுக்குத் தெரியாது. கையை ஆட்டி ஆட்டிச் சொல்லியும் இரண்டாவது டம்ளரும் பாகு மாதிரி வந்தது. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டுப் பேசாமல் தள்ளி வைத்தார்.

பக்கத்து மேசையில் பாதிச் சாப்பாட்டில் இருந்த நீங்கள், யாரும் கூப்பிடாமலே எழுந்து வந்தீர்கள். பில் தாளின் பின்பக்கம் 'தே தாவார்' என்று எழுதினீர்கள். சர்க்கரையே இல்லாத தேநீர். 'பானாஸ்' பக்கத்தில் ஆவி பறக்கும் டம்ளர் படம். 'எஸ்' பக்கத்தில் ஐஸ் கட்டிகள். காப்பி என்றால் 'தான்பா குலா' (சர்க்கரை இல்லாமல்) சேர்க்க வேண்டும். அப்புறம் அப்பாவையே சொல்லவைத்தீர்கள்: "மிந்தா தே தாவார் பானாஸ், சாத்து." சர்க்கரை இல்லாத சூடான தேநீர் ஒன்று வேண்டும் என்று அர்த்தம். மூன்று முறை, சிரிக்காமல், பொறுமையாக. உங்கள் சோறு அங்கே ஆறிக்கொண்டிருந்தது.

மீதி ஐந்து நாளும் எல்லாக் கடையிலும் அப்பாதான் ஆர்டர் கொடுத்தார். அந்தத் தாள் இன்னும் அவர் பர்ஸில் இருக்கிறது. பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டோம். யார் மூலமாவது இது உங்களிடம் வந்து சேர வேண்டும்.

தெரிமா காசி (நன்றி), அக்கா.