பெட்டியில் போட்ட வாட்டை நம்பாதீர்கள், ஃபியூஸைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரில் சப்வூஃபரும் (பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) அதை இயக்கும் ஆம்பும் (ஆம்ப்ளிஃபையர்) பொருத்துகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறோம் என்கிற கடைகளும் பெருகிவிட்டன. பொருளின் விலைக்குப் பேரம் பேசுகிற வாடிக்கையாளர், அதை எப்படிப் பொருத்துகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பதில்லை. ஒயரிங் கருகுவதும் ஸ்பீக்கருக்குள் இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) எரிவதும் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

முதலில் வாட் கணக்கு. ஆம்ப் பெட்டியின்மேல் 3000, 4000 என்று அச்சடித்திருப்பார்கள். அதை விட்டுவிட்டு ஆம்பின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருந்தால், என்ஜின் ஓடும்போது கிடைக்கும் 13.8 வோல்ட்டால் பெருக்குங்கள்: 414 வாட். கிளாஸ் டி ரக ஆம்ப் அதில் சுமார் 80 சதவீதத்தை ஸ்பீக்கருக்குத் தரும். அதாவது 330 வாட். மீதி சூடாகப் போய்விடும். உள்ளே போகாத மின்சாரம் வெளியே வர வழியில்லை. சப்வூஃபரிலும் ஆர்எம்எஸ் வாட்டை (தொடர்ந்து தாங்கும் வாட்) மட்டும் கணக்கில் எடுங்கள்.

அடுத்தது பவர் ஒயர். ஆர்எம்எஸ் 500 வாட் தரும் ஆம்புக்குச் சுமார் 45 ஆம்பியர் ஓடும். போனெட்டிலிருந்து டிக்கிவரை ஐந்து மீட்டர் போகிற ஒயர் 4 கேஜ், அதாவது 21 சதுர மில்லிமீட்டர் செம்பாக இருக்க வேண்டும். 300 வாட்டுக்கு அதைவிட மெல்லிய 8 கேஜ் போதும். கடைகளில் ‘ஆம்ப் கிட்’ என்று மலிவாகக் கிடைப்பதில் பெரும்பகுதி செம்பு பூசிய அலுமினியம். அதன் கடத்துதிறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. நுனியில் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதைத்தான் போட வேண்டுமென்றால் ஒரு சைஸ் தடிமனாகப் போடச் சொல்லுங்கள்.

இந்த ஒயரில் போடும் மெயின் ஃபியூஸ் ஆம்பைக் காப்பாற்ற அல்ல, ஒயரைக் காப்பாற்ற. பலர் இதை டிக்கியில், ஆம்புக்குப் பக்கத்தில் மாட்டிவிடுகிறார்கள். வேலை சுலபம் என்பது ஒன்றே காரணம். ஒயர் என்ஜின் அறைத் தகட்டைத் துளைத்து உள்ளே வருகிறது. அந்த ஓட்டையில் ரப்பர் குரோமெட் (விளிம்பை மூடும் வளையம்) இல்லையென்றால், கார் குலுங்கக் குலுங்கத் தகட்டின் விளிம்பு மேலுறையை அறுத்துவிடும். செம்பு பாடியைத் தொட்ட கணத்தில் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். டிக்கியில் இருக்கும் ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது. ஒயர் சிவந்து கார்பெட் பற்றிக்கொள்ளும். ஆகவே ஃபியூஸ் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருந்தே தீர வேண்டும். மேற்படி 500 வாட்டுக்கு 60 ஆம்பியர் போதும். ‘அடிக்கடி போகிறது’ என்று 100 போடுகிறவரை நம்பாதீர்கள்.

எர்த் ஒயரும் அதே தடிமனில், ஒன்றரை அடிக்கு மிகாமல். பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் போல்ட் போட வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே கூடாது. சத்தமாகப் பாட்டு ஓடும்போது ஆம்பின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே மல்டிமீட்டர் டிசியில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஸ்பீக்கரில் ‘ஙொய்’ என்ற சத்தம் ஏறி இறங்கினாலும் முதல் சந்தேகம் இதன்மேல்தான். அடுத்தது, ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்கு சிக்னல் கொண்டுபோகும் ஆர்சிஏ ஒயரைப் பவர் ஒயரோடு சேர்த்துக் கட்டியது. ஒன்று வலப்பக்கம் போனால் மற்றது இடப்பக்கம் போகட்டும்.

ஸ்டீரியோவோடு சேர்ந்து ஆம்பை ஆன், ஆஃப் செய்யும் ரிமோட் ஒயரை, ஸ்டீரியோவில் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஒயரில் கொடுப்பார்கள். நேரடியாக பேட்டரியில் கொடுத்தால் ஆம்ப் ராத்திரி முழுக்க விழித்திருக்கும். சின்ன கார்களின் 35 ஏஎச் பேட்டரி அதைப் பல நாள் தாங்காது. கம்பெனி ஸ்டீரியோவில் ஆர்சிஏ இல்லையென்றால், ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்பாக வாங்குங்கள். கம்பெனி ஒயரை வெட்டாமல் கப்ளர் வழியாக எடுத்தால் வாரன்டி தகராறும் குறையும்.

இரட்டைக் காயில் சப்வூஃபரில் கவனம் தேவை. 4 ஓம் காயில் இரண்டைப் பேரலலில் சேர்த்தால் 2 ஓம், சீரிஸில் 8 ஓம். பிரிட்ஜ் செய்த (இரண்டு சேனலையும் ஒன்றாக்கிய) இரண்டு சேனல் ஆம்புகள் பெரும்பாலும் 4 ஓமுக்குக் கீழே தாங்காது. புரொடெக்ட் விளக்கு எரிந்து நின்றுவிடும்.

இனி ஆம்பில் இருக்கும் கெய்ன் திருகு. இதை வால்யூம் என்று நினைத்துக் கடைசிவரை திருகிவிடுவதுதான் காயில்களுக்கு எமன். ஸ்டீரியோ தரும் சிக்னல் அளவுக்கு ஆம்பைப் பொருத்துவது மட்டுமே அதன் வேலை. சப்வூஃபர் ஒயரைக் கழற்றிவிட்டு, ஈக்யு (ஈக்வலைசர்), லவுட்னெஸ், பேஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வையுங்கள். கெய்ன் அடிமட்டத்தில் இருக்கட்டும். ஸ்டீரியோ வால்யூமை முக்கால்வாசியில் வைத்து, பென் டிரைவில் 50 ஹெர்ட்ஸ், 0 டெசிபல் டோனை ஓடவிடுங்கள். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய வோல்ட் கிடைக்கும்: 300 வாட், 4 ஓம் என்றால் 34.6. ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, 34 வரும்வரை கெய்னை மெல்ல ஏற்றி நிறுத்துங்கள். சப்வூஃபரின் வாட்டையும் ஃபியூஸ் கணக்கில் வந்த வாட்டையும் ஒப்பிட்டு, குறைந்ததைத்தான் இந்தக் கணக்கில் போட வேண்டும். அதற்குமேல் போனால் அலையின் உச்சி மழுங்கி, காயில் சூடேறிக் கருகும். பேஸ் பூஸ்ட்டை 12 டெசிபல் ஏற்றினால், அந்த அதிர்வெண்ணில் ஆம்பிடம் 16 மடங்கு வாட் கேட்கிறோம் என்று பொருள். அதைத் தொடாமலிருப்பதே உத்தமம்.

சப்வூஃபருக்குத் தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் லோ பாஸை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஓட்டை வைத்த பெட்டியென்றால் மிகத் தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் சப்சோனிக்கை 25–30 ஹெர்ட்ஸில் வைப்பது அவசியம். மூடிய பெட்டிக்கு அவ்வளவு கட்டாயமில்லை. ஃபேஸ் சுவிட்சை 0, 180 இரண்டிலும் போட்டு, டிரைவர் சீட்டில் பேஸ் எதில் கூடுதலாகக் கேட்கிறதோ அதிலேயே விட்டுவிடலாம்.

எல்லாம் முடிந்ததும் பத்து நிமிடம் நல்ல சத்தத்தில் ஓடவிட்டு, ஃபியூஸ் ஹோல்டரையும் எர்த் போல்ட்டையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடென்றால் ஒயர் நுனியில் மாட்டும் லக் சரியாக கிரிம்ப் ஆகவில்லை (அழுந்தவில்லை), அல்லது போல்ட் லூஸ்; பில்லுக்குப் பணம் கொடுக்குமுன் அங்கேயே பிரித்து மறுபடி போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கார் ஆடியோ பொருத்துநர்கள்,
கோவை