கயலுக்கு, உன் வாராந்திர அட்டவணை பற்றி

அன்புள்ள கயல்,

வீடு வீடாகப் போய் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க நீ போட்டு அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். திங்கள் காலை 5.30-க்கு பெசன்ட் நகர், 7 மணிக்கு அண்ணா நகர், 9 மணிக்குத் திருவான்மியூர். தாளில் சரியாகத்தான் இருக்கிறது. பீக் அவரில் நடக்காத காரியம்.

அண்ணா நகர்க்காரர் 1,000 ரூபாய் தருகிறார், சரி. போக 50 நிமிஷம், பயிற்சி 60, திரும்ப 50. ஆக 160 நிமிஷம். மணிக்கு 375 ரூபாய்தான், பெட்ரோல் வேறு. அடையாற்றில் உன்னிடம் பயிற்சி எடுக்கும் அந்த அம்மாள் தருவது 800. ஆனால் போக 10, வர 10, மணிக்கு 600. கட்டணத்தைப் பார்த்து ஆள் சேர்க்காதே, ஏரியாவைப் பார்த்துச் சேர். திங்கள், புதன், வெள்ளி பெசன்ட் நகர், அடையாறு, திருவான்மியூர் என்று தென்பக்கம் மட்டும். செவ்வாய், வியாழன், சனி வேறொரு பக்கம். எடைப் பயிற்சிக்கு நடுவில் ஒரு நாள் ஓய்வும் தானாகக் கிடைத்துவிடும்.

அடுத்தது, வகுப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டி இழுப்பது. பெரும்பாலும் நீ போடும் திட்டத்திலேயே கோளாறு. ஸ்குவாட், அதாவது உட்கார்ந்து எழும் பயிற்சி, நாலு செட் (சுற்று). ஒரு செட்டுக்கு 40 விநாடி, ஓய்வு இரண்டரை நிமிஷம். கூட்டினால் கிட்டத்தட்ட 13 நிமிஷம். இப்படி மூன்று பயிற்சி போட்டாலே 38 நிமிஷம் போச்சு. வார்ம் அப் 8, கடைசி ஸ்ட்ரெச்சிங் 7 சேர்த்தால் 53. நாலாவதை நுழைத்தால் ஒரு மணி நேரம் தாண்டாமல் எப்படி இருக்கும்? அது வேண்டுமென்றால் ஸ்குவாட் ஓய்வில் ரோயிங்கை, அதாவது எடையை உடம்பை நோக்கி இழுக்கும் பயிற்சியை, செய்ய வை. கால் ஆறும்போது முதுகு வேலை செய்யட்டும். புதிதாக வருபவர்களுக்கும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் இது வேண்டாம், மூச்சு வாங்கிவிடும். தூக்கம், வலி விசாரிப்பதெல்லாம் வார்ம் அப் நடக்கும்போதே. செட் கணக்கையும் அவர்கள் ஓய்வெடுக்கும்போதே எழுதிவிடு. முதல் வீட்டில் 10 நிமிஷம் தாமதமானால், ஆபீஸ் போகும் மூன்றாவது ஆளுக்குத்தான் பயிற்சி குறையும். கோபமும் அவருக்குத்தான் வரும்.

ரத்து விஷயத்தில் நீ ரொம்ப இளகிப் போகிறாய். காலை வகுப்பு என்றால் முந்தின நாள் சாயந்திரம் 6 மணிக்குள் சொல்லணும்; தாண்டினால் அந்த வகுப்பு கழிந்தது. மாதத்துக்கு ஒரு முறை மட்டும் மன்னிப்பு. 12 வகுப்பு பேக்கேஜுக்கு 5 வாரக் கெடு வை. கெடு இல்லாவிட்டால் ஜூன் மாதப் பணத்துக்கு ஆகஸ்டிலும் ஓடிக்கொண்டிருப்பாய். பணம் முதல் வகுப்புக்கு முன்னாலேயே.

ராத்திரி போனில் உட்கார்ந்து திட்டம் எழுதுவதை விடு. செவ்வாய் மத்தியானம் 2 முதல் 4 வரை, எல்லோருக்கும் நாலு வாரத் திட்டமாக ஒரே மூச்சில் எழுது. வாட்ஸ்அப் பதில் மத்தியானம் ஒரு தடவை, ராத்திரி 8.30-க்கு ஒரு தடவை. மற்ற நேரத்துக்குப் பிசினஸ் கணக்கில் தானியங்கிப் பதில் போட்டு வை. காலை 10.30 முதல் 12 வரை சும்மா கிடக்கிறதே, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்ட அம்மாக்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் அதுதான் தோதான நேரம். புது ஆள் அந்த நேரத்துக்கு மட்டும்.

மறுநாள் 4.30-க்கு எழ வேண்டியிருந்தால் ராத்திரி 8 மணி வகுப்பு ஒத்துக்கொள்ளாதே. அது முடிந்து குளித்துச் சாப்பிட்டுப் படுக்க 11 ஆகிவிடும். ஐந்தரை மணி நேரத் தூக்கத்தில் அடுத்தவர் தூக்கும் எடைக் கம்பி நழுவினால் நீ எப்படிக் கை கொடுப்பாய்?

அண்ணா நகர்க்காரரிடம் இனி நேரில் வர முடியாது என்று 1-ஆம் தேதிக்கு முன்பே பேசிவிடு. வீடியோவில் தொடர்வாரா கேள். இல்லையென்றால் அந்தப் பக்கம் இருக்கும் நல்ல டிரெய்னர் ஒருவரைக் கைகாட்டு. மாதப் பாதியில் சொன்னால் மீதிப் பணத்தைத் திருப்பித் தரவேண்டி வரும்.

அன்புடன்,
அப்பா